பெயின்ட் அடித்தால் போதுமா? பழைய இன்ஜின்கள்: வாசகர் கேள்விகள்

போன இதழில் நீலகிரி மலை ரயிலைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதினேன், அதற்கு வந்த கடிதங்களைப் படிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. இவ்வளவு பேர் இரும்புப் பைத்தியமாக இருக்கிறீர்கள் என்று தெரியாமல் போயிற்று. பெயர் போட வேண்டாம் என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள் (வீட்டில் தெரிந்தால் சிக்கலாம்), அதனால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

விழுப்புரம்: ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. எங்கேயாவது பழைய இன்ஜின் நிற்கிறது என்று கேள்விப்பட்டால் பஸ் ஏறிவிடுகிறேன். "துருப்பிடிச்ச இரும்பைப் பார்க்க இவ்வளவு செலவா?" என்று வீட்டம்மா கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில் எல்லாம் சொல்லாதீர்கள் சார், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் பூங்காவில் வெள்ளிச் சாயம் பூசி, கம்பி வேலி போட்டு நிற்க வைத்திருக்கும் இன்ஜினுக்கு அல்ல, நெருப்பு எரியும் இன்ஜினுக்கு. என் வீட்டிலும் இதே கேள்வி பல வருடம் ஓடியது. ஒருமுறை குன்னூர் ஸ்டேஷனில் இன்ஜின் சும்மா நின்றுகொண்டிருந்தது, எங்கேயும் போகவில்லை, அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், பக்கவாட்டில் விட்டுவிட்டு ஒரு 'புஸ்'. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னது: "அசை போடுற மாடு மாதிரி நிக்குது." அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை, செலவுக் கணக்கு மட்டும் வருகிறது.

இதில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குத் தோன்றுவது இதுதான். இன்றைய காரின் பானட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி, அதற்குக் கீழே என்ன நடக்கிறதோ கடவுளுக்கும் கம்பெனிக்கும்தான் வெளிச்சம். நீராவி இன்ஜினில் எல்லாமே வெளியே இருக்கிறது. நெருப்பு இங்கே, தண்ணீர் இங்கே, ஆவி இந்தக் குழாய் வழியாகப் போகிறது, பிஸ்டனைத் தள்ளுகிறது, தண்டு சக்கரத்தைச் சுற்றுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரலாலேயே தொட்டுத் தொட்டுச் சொல்லிவிடும், சூடு இல்லாத நாளில்.

சென்னை, அயனாவரம்: ஃபேரி குயின் இன்ஜின் எழும்பூரிலிருந்து ஓடியதை நேரில் பார்த்தேன் என்று நண்பன் சத்தியம் செய்கிறான். அது டெல்லி பக்கம்தானே ஓடியது? பிரியாணி பந்தயம் கட்டியிருக்கிறோம்.

பிரியாணி உங்களுக்குத்தான், ஆனால் நண்பருக்கும் பாதி கொடுத்துவிடுங்கள், அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது ஃபேரி குயினின் உடன்பிறப்பு.

இரண்டுமே 1855-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து கிட்சன், தாம்சன், ஹெவிட்சன் கம்பெனியில் செய்து, கல்கத்தா பக்கம் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்கு வந்தவை. 22-ஆம் நம்பர் ஃபேரி குயின், 21-ஆம் நம்பர் எக்ஸ்பிரஸ். ஃபேரி குயின் 1909-இல் ஓய்வு பெற்று, பல காலம் காட்சிப் பொருளாக நின்று, 1997-இல் மறுபடி நெருப்பு மூட்டப்பட்டு டெல்லியிலிருந்து ஆல்வாருக்குச் சுற்றுலா ரயிலை இழுத்தது. தொடர்ந்து ஓடும் இன்ஜின்களில் உலகிலேயே வயதானது என்று 1998-இல் கின்னஸிலும் ஏறியது. எக்ஸ்பிரஸுக்கு அந்தப் பேரும் புகழும் இல்லை, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் பொம்மையாக நின்ற இன்ஜின் அது. அதைக் கொண்டுவந்து 2010-இல் உயிர் கொடுத்தவர்கள் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்காரர்கள். அந்த எக்ஸ்பிரஸ்தான் சுதந்திர தினம் போன்ற நாட்களில் எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அவ்வப்போது ஓடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபேரி குயினின் பாகங்கள் சில 2011-இல் திருட்டுப் போயின. தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்த பொருள்! அதைச் சரிசெய்யக் கொண்டுவந்ததும் இதே பெரம்பூருக்குத்தான். ஆக, 150 வயது தாண்டிய இரண்டு கிழவிகளுக்கும் வைத்தியம் பார்த்த ஊர் நம்முடையது. இதற்காக அயனாவரத்தில் ஒருவர்கூட காலரைத் தூக்கிவிட்டு நடந்து நான் பார்த்ததில்லை.

மதுரை: ஒன்பது வயது மகனோடு கோடை விடுமுறையில் மலை ரயிலில் போகப் போகிறேன். போன முறை போனபோது போட்டோ எடுத்ததைத் தவிர ஒன்றும் நினைவில் இல்லை. இந்த முறை எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சீட். எல்லோரும் முன் பெட்டிக்கு அடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும், முன்னால் மறைப்பே இல்லை, காட்சி அள்ளும். நான் சொல்வது நேர் எதிர்: கிடைத்தால் கடைசிப் பெட்டியில் உட்காருங்கள். மலையை எந்த பஸ்ஸிலிருந்தும் பார்க்கலாம், இன்ஜினின் சத்தத்தை அங்கே மட்டும்தான் கேட்க முடியும்.

மேட்டுப்பாளையத்துக்கு அரை மணி நேரமாவது முன்னால் போய்விடுங்கள். இன்ஜின் பக்கத்தில் நின்று பையனிடம் பக்கவாட்டைக் காட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சாதாரண ரயில் இன்ஜின்களில் இப்படிப் பார்க்க முடியாது. கீழே இருப்பவை சாதாரணச் சக்கரங்களைச் சுற்றும். கல்லாறு வரைக்கும், அதாவது முதல் ஏழெட்டுக் கிலோமீட்டர் சமவெளிக்கு, அவைதான் வேலை செய்யும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் பட்டை ஆரம்பிக்கும். இரண்டு வரிசைப் பற்கள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம், அதனால் எப்போதும் ஒரு பல்லாவது பிடியில் இருக்கும். அங்கே ரயில் நடை வேகத்துக்கு இறங்கி, பல் சக்கரம் பட்டையைக் கவ்வும் நொடியில் ஒரு சின்ன உதறல் வரும், பையன் காலடியில் உணர வேண்டும், அதுவரை தூங்க விடாதீர்கள்.

அந்த இடத்திலிருந்து மேல் சிலிண்டர்களுக்கும் வேலை வந்துவிடும். கீழ் சிலிண்டரில் ஒரு முறை வேலை செய்து முடித்த ஆவி வீணாக வெளியே போகாமல் மேல் சிலிண்டருக்குப் போய் பல் சக்கரத்தைச் சுற்றும். கரும்பு ஜூஸ் கடையில் ஒரு முறை பிழிந்த கரும்பை மடித்து மறுபடி விடுவார்களே, அதே கணக்கு. சத்தம் உடனே மாறும். சமவெளியில் சீராக வந்த 'சக்கு சக்கு' போய், இரண்டு தவில் வேறு வேறு தாளத்தில் வாசிப்பதுபோல ஒரு குழப்பம், கொஞ்ச நேரம் கேட்டால் அதற்குள்ளும் ஒரு ஒழுங்கு பிடிபடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும். டீ, வடைக்கு ஓடுவதற்கு முன்னால் இன்ஜினைப் போய்ப் பாருங்கள், வடையைக் குரங்கு எப்படியும் பிடுங்கத்தான் போகிறது. டிரைவர் நல்ல மனநிலையில் இருந்தால், தம்பி ஆசையாகப் பார்க்கிறான் என்று சொல்லிக் கேளுங்கள், கேபினுக்குள் நிமிர்ந்து நிற்கும் ஒரு கண்ணாடிக் குழாயைக் காட்டுவார். பாயிலரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் குழாய் அது. நீராவிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதைவிட அதைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அதேபோல ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு உட்கார்ந்திருப்பார், கவனித்தீர்களா? பிரேக் முழுவதையும் ஓர் ஆளிடம் விட்டுவிடாத பழைய காலத்து ஏற்பாடு.

1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை, 16 குகை, 208 வளைவு, 2005-இல் யுனெஸ்கோ பட்டியல், இதெல்லாம் எல்லாப் பலகையிலும் இருக்கும், அதைப் பையனே படித்துக்கொள்வான். குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின் மாட்டிவிடுவார்கள், பல் பட்டையும் அங்கே கிடையாது, அந்தப் பகுதியில் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து அடிக்கடி சேவையை நிறுத்துவார்கள், கோடை என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. டிக்கெட்தான் கவலை.

கோயம்புத்தூர் (மெக்கானிக்கல் மாணவர்): மலை ரயிலுக்குத் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் புதிதாக நீராவி இன்ஜின் செய்திருக்கிறார்களே, 2021-இல் செய்ததை எப்படிப் பாரம்பரிய இன்ஜின் என்று சொல்வது? டூப்ளிகேட்தானே?

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், சண்டைக்கு வருகிற தொனி உட்பட.

கொஞ்சம் பின்னால் போவோம். இந்தப் பாதையின் எக்ஸ் கிளாஸ் இன்ஜின்கள் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் செய்தவை. 1914-இலிருந்து 1925-க்குள் பன்னிரண்டு, 1952-இல் ஐந்து, மொத்தம் பதினேழு. அந்த ஸ்விஸ் கம்பெனி இப்போது இன்ஜின் செய்வதில்லை. பாகம் தேய்ந்தால் கடையில் வாங்க முடியாது. குன்னூர் ஷெட்டிலும் பொன்மலை ஒர்க்ஷாப்பிலும் தேயத் தேயச் செய்து மாற்றிக்கொண்டே வந்தார்கள். பாயிலர் மாற்றினார்கள், சிலிண்டர் மாற்றினார்கள், பல் சக்கரம் எத்தனை முறையோ. அப்படியானால் எண்பது வயது இன்ஜின் என்று நாம் கும்பிட்ட இன்ஜினில் ஸ்விட்சர்லாந்து இரும்பு எத்தனை கிலோ மிச்சம் இருந்தது? பாட்டி காலத்து அரிவாள்மனை என்று வீட்டில் வைத்திருப்போம், பலகை இரண்டு முறை, அலகு மூன்று முறை மாறியிருக்கும், ஆனாலும் பாட்டியுடையதுதான்.

பொன்மலைக்காரர்கள் பாகங்களைச் செய்து செய்து ஒருநாள் மொத்த இன்ஜினையுமே செய்துவிட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. முதலில் எண்ணெயில் எரியும் புது இன்ஜின்கள், அப்புறம் 2021-இல் நிலக்கரியில் ஓடும் 37400-ஆம் நம்பர் இன்ஜின். நாகப்பட்டினத்திலிருந்து 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு இடம் மாறிய ஒர்க்ஷாப் அது, அங்கே தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. காகிதத்தில் இருக்கும் வரைபடத்தை யாரும் காப்பாற்றிவிடலாம். ரிவெட்டை எந்தச் சிவப்பில் அடிக்க வேண்டும், வெண்கலத் தாங்கியை எவ்வளவு சுரண்டினால் தண்டு இறுக்கமாகவும் உட்காரும் சூடும் ஆகாது, இதெல்லாம் கைக்குத் தெரிந்த விஷயம். கை மறந்துவிட்டால் ஸ்விஸ்காரன் வந்தாலும் திரும்பக் கிடைக்காது. புது இன்ஜின் செய்யும்போது ஒரு இருபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த வேலை கைக்கு வருகிறது பாருங்கள், எனக்கு அதுதான் பாரம்பரியம், இரும்பின் பிறந்த தேதி இல்லை.

இங்கிலாந்திலும் இதே சண்டை நடந்தது. பெப்பர்கார்ன் ஏ1 என்ற வகை இன்ஜின்கள் 49 இருந்தன, ஒன்று விடாமல் உடைத்து விற்றுவிட்டார்கள். பிற்பாடு ரசிகர்கள் சேர்ந்து பணம் திரட்டி, டார்லிங்டனில் ஐம்பதாவதாக ஒன்றைப் புதிதாகவே செய்து 2008-இல் ஓட்டினார்கள். டொர்னாடோ என்று பெயர். பாயிலர் ஜெர்மனியில் செய்யப்பட்டது, ஏனென்றால் அந்த அளவு இன்ஜின் பாயிலர் செய்யும் கை இங்கிலாந்தில் எளிதில் கிடைக்கவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

நீங்கள் மெக்கானிக்கல் படிக்கிறீர்கள். டூப்ளிகேட் என்று திட்டுவதற்கு முன் பொன்மலையில் ஒரு மாதம் பயிற்சி கேட்டு விண்ணப்பித்துப் பாருங்களேன்.

கும்பகோணம் அருகே: தாத்தாவின் ஆயில் இன்ஜின் மோட்டார் கொட்டகையில் முப்பது வருடமாகக் கிடக்கிறது. இரண்டு பெரிய சக்கரம், பச்சைச் சாயம், லிஸ்டர் என்று தகடு. பழைய இரும்புக் கடைக்காரர் கிலோ கணக்கில் கேட்கிறார். அண்ணன் விற்கலாம் என்கிறார், எனக்கு மனசு வரவில்லை. இதை மறுபடி ஓட வைக்க முடியுமா?

கடைக்காரரை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள் அம்மா, அந்த வாரம் வராமலே இருக்கட்டும்.

தகட்டில் லிஸ்டருக்குக் கீழே டர்ஸ்லி என்று இருக்கிறதா பாருங்கள். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயரில் ஒரு சின்ன ஊர் அது. 1930-ஐ ஒட்டி அங்கே வெளிவந்த வகை உலகம் முழுக்கப் போனது, ஒற்றை சிலிண்டர், நிமிடத்துக்கு 600 அல்லது 650 சுற்று, 5 அல்லது 6 குதிரை சக்தி. மெதுவாகச் சுற்றுவதால்தான் அவ்வளவு காலம் உழைக்கும், அந்த 'டுக்… டுக்… டுக்' சத்தமும் அதனால்தான். டர்ஸ்லி இல்லையென்றாலும் முகம் சுருங்க வேண்டாம். குஜராத்தின் ராஜ்கோட்டில் இதே இன்ஜினை அச்சு மாறாமல் நெடுங்காலம் செய்தார்கள், அங்கிருந்து அமெரிக்காவுக்குக்கூட வாங்கிப் போனார்கள். உங்கள் தாத்தாவின் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சியதென்னவோ இந்த இன்ஜின்தான்.

இப்போது முக்கியமானது. யாரும் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றக் கூடாது, அண்ணனிடமும் சொல்லிவையுங்கள். முப்பது வருடம் தூங்கியதை உலுக்கி எழுப்பினால் பிஸ்டன் ரிங் உடையும். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஒரு டம்ளர் ஊற்றி, ஒரு துணியால் அடைத்துவிட்டு இரண்டு வாரம் மறந்துவிடுங்கள். அப்புறம் பெரிய சக்கரத்தைக் கையால் முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், தொட்டில் ஆட்டுவதுபோல. அசையவில்லையா, இன்னும் இரண்டு வாரம். சுத்தியல் எடுக்கும் மெக்கானிக்கை அன்றே அனுப்பிவிடுங்கள். காற்று போகும் வாயில் எலி கூடு கட்டியிருக்கும், எல்லா இன்ஜினிலும் இருக்கும், அது ஒரு சம்பிரதாயம். அடியில் இருக்கும் பழைய ஆயிலை வடித்தால் முதலில் தண்ணீர்தான் வரும், பயப்படாதீர்கள்.

சக்கரம் சுற்றத் தொடங்கியதும் ஆசையில் டீசல் ஊற்றிவிடாதீர்கள், இன்னும் இரண்டு சோதனை பாக்கி. டீசல் பம்ப்பிலிருந்து, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்குப் போகும் கம்பி விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். அது முழு டீசல் பக்கம் இறுகிப்போயிருந்தால், ஸ்டார்ட் ஆன இன்ஜின் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும், பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. இரண்டாவது, அந்தப் பெரிய சக்கரங்களைத் தண்டோடு பிடித்திருக்கும் ஆப்புச் சாவி. அது தளர்ந்திருக்கிறதா, சக்கரத்தில் எங்காவது மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். இவை இரண்டையும் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக் உங்கள் பக்கத்தில் கண்டிப்பாக இருப்பார், டெல்டாவில் இல்லாவிட்டால் வேறு எங்கே இருப்பார்?

ஹேண்டில் போடும் நாள் வந்தால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது. இதை எனக்கு இரண்டு பேர் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. என் வலது கட்டைவிரல் இன்றும் மழைக்கு முன்னால் வானிலை அறிக்கை படிக்கும்.

கடைசியாகப் பெயின்ட். இதில் நான் கொஞ்சம் கறார். ஓடுவதற்கு முன் பெயின்ட் அடிக்காதீர்கள், ஓடிய பிறகும் அவசரப்படாதீர்கள். நான் முதன்முதலில் வாங்கிய இன்ஜினைத் தேய்த்து, பளபளவென்று பச்சை அடித்து, நண்பர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். வந்தவர்களில் ஒரு பெரியவர் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க ஒரு நம்பர் எழுதியிருக்குமே தம்பி, எந்த மில்லுல ஓடுச்சுன்னு?" என்று கேட்டார். எழுதியிருந்தது, வெள்ளைப் பெயின்ட்டில், கையால். நான்தான் எமரி பேப்பரால் தேய்த்து எடுத்திருந்தேன். உங்கள் தாத்தா சுண்ணாம்பால் ஆயில் மாற்றிய தேதியைக் கொட்டகைச் சுவரிலோ இன்ஜின் மேலோ கிறுக்கி வைத்திருந்தால், முதலில் அதைப் போட்டோ எடுங்கள்.

நாமக்கல்: பழைய பிரஷர் குக்கரில் குழாய் பொருத்தி ஒரு சின்ன நீராவி இன்ஜின் ஓட்டும் புராஜெக்ட் செய்கிறோம். வெயிட் அடிக்கடி ஆவியை விட்டுவிடுவதால் அந்த ஓட்டையை வெல்ட் வைத்து அடைக்கலாமா?

கூடாது. கூடவே கூடாது. இந்த இதழ் கைக்கு வருவதற்குள் நீங்கள் அடைத்திருக்கக் கூடாதே என்று நிஜமாகவே கவலையாக இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். குக்கரில் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் கொதித்துக் காத்துக்கொண்டிருக்கிறது. பாத்திரம் கிழிந்தால் அதில் ஒரு பங்கு ஒரே நொடியில் ஆவியாகிவிடும். காற்று அடைத்த டப்பா வெடிப்பதும் இதுவும் ஒன்றல்ல. 25 லிட்டருக்கு மேற்பட்ட பாயிலர் என்றால் 1923-லிருந்தே சட்டம் உண்டு, இப்போது 2025-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது, இன்ஸ்பெக்டர் சான்று, சான்று பெற்ற ஆள் என்று எல்லாம் கேட்பார்கள். உங்கள் குக்கர் சின்னது, சட்டம் கேட்காது. ஆவி கேட்கும்.

புராஜெக்டை விட வேண்டாம். காற்று கம்பிரசரில் இன்ஜினை ஓட்டிக் காட்டுங்கள், பிஸ்டனுக்குக் காற்றும் ஆவியும் ஒன்றுதான், பெரிய மியூசியங்களிலேயே பல இன்ஜின்களை அப்படித்தான் சுற்றிக் காட்டுகிறார்கள். நிஜ ஆவிதான் வேண்டும் என்றால் திருவிழாக் கடையில் தகரப் படகு வாங்குங்கள். எண்ணெயில் திரி ஏற்றி உள்ளே வைத்தால் தண்ணீர்த் தொட்டியில் 'பட பட'வென்று சுற்றுமே, அதே படகு. உள்ளே ஒரு தட்டையான தகர அறை, அதிலிருந்து பின்னால் போகும் இரண்டு குழாய், வால்வும் கிடையாது பிஸ்டனும் கிடையாது. சூட்டில் ஆவி தண்ணீரைத் தள்ளும், குளிர்ந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும், மறுபடி தள்ளும். 1891-இலேயே பேட்டன்ட் வாங்கிய சமாச்சாரம். உள்ளே வரும்போது படகு ஏன் பின்னால் போகவில்லை என்று உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள், ஒரு செமஸ்டர் ஓடும்.

ஹட்டன், இலங்கை: அப்பா வேலை செய்த தேயிலைத் தொழிற்சாலையில் மார்ஷல் என்று பெயர் வார்த்த பழைய ரோலர் இன்றும் ஓடுகிறது. மியூசியத்தில் இருந்தால்தான் பழம்பொருளா?

இல்லவே இல்லை. இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவிலிருந்து மார்ஷல் கம்பெனி நீராவி இன்ஜினும் அனுப்பியது, தேயிலை உருட்டும் மெஷினும் அனுப்பியது. இன்ஜின்கள் எப்போதோ போய்விட்டன, ரோலர் இன்னும் சம்பாதிக்கிறது. என் கணக்கில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் மெஷினுக்குத்தான் முதல் மரியாதை. அதுவும் உங்கள் மலையகத்தில் தொழிற்சாலைச் சக்கரத்துக்கே ரோதைமுனி என்று ஒரு சாமி வைத்துக் கும்பிட்ட ஜனங்கள், உங்களுக்கு நான் என்ன சொல்லித்தர? மெஷினின் பெயரையும் எண்ணையும் மட்டும் எழுதி வைக்காமல், அதில் நின்று வேலை பார்த்தவர்களையும் அப்பாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். எந்தச் சத்தம் வந்தால் பெல்ட் நழுவப் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கண்டிப் பக்கம் போனால் கடுகண்ணாவை ரயில்வே மியூசியத்தையும் பார்த்துவிடுங்கள்.

புதுச்சேரி: ஊரெல்லாம் சோலார் என்கிறார்கள், நீங்கள் கரிப்புகையை ரசிக்கச் சொல்கிறீர்களே?

ஒப்புக்கொள்கிறேன், நீராவி இன்ஜின் ஒரு ஊதாரி. எரிக்கும் கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட சக்கரத்துக்குப் போய்ச் சேராது, மிச்சமெல்லாம் வானத்துக்கு. அதனால்தான் அகலப் பாதையில் 1995 டிசம்பரோடு தினசரி ஓட்டத்தை நிறுத்தினார்கள், சரியான முடிவுதான். ஆண்டுக்குச் சில நாள் சில இன்ஜின் ஓடுவதற்கு என் மனசாட்சி இடம் கொடுக்கிறது. உங்களுடையது கொடுக்காவிட்டால் தகரப் படகு இருக்கிறது.

லண்டன், ஹாரோ: வார இறுதியில் குடும்பத்தோடு போக ஒரே ஒரு இடம் சொல்லுங்கள். ரயில் மட்டும் வேண்டாம், பிள்ளைகளுக்குப் பார்த்துச் சலித்துவிட்டது.

வில்ட்ஷயரில் கிராஃப்டன் பம்ப் ஹவுஸ். கென்னட்–ஏவன் கால்வாயின் மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காக வைத்த இன்ஜின் வீடு. உள்ளே 1812-இல் போல்டன்–வாட் செய்த இன்ஜின், வாட் என்றால் நம் பாடப்புத்தகத்து ஜேம்ஸ் வாட்டின் கம்பெனிதான். மூன்று மாடி உயரம், தலைக்கு மேலே ஒரு ராட்சத இரும்பு உத்தரம் ஏற்றம் இறைப்பதுபோல மேலும் கீழும் போகும். ஏற்றம் என்று சும்மா உவமைக்குச் சொல்லவில்லை, வேலையும் அதேதான். ஒரு முனை கீழே போனால் மறு முனை தண்ணீரோடு மேலே வரும். நம் ஊர் ஏற்றத்தில் ஆள் நடந்த இடத்தில் இங்கே ஆவி.

அங்கே எனக்குப் பிடித்தது வேறு. மற்ற நாட்களில் கால்வாய்க்கு மின்சார பம்ப் தண்ணீர் ஏற்றுகிறது, இன்ஜினை ஓட்டும் நாட்களில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இந்த இருநூறு வயதுக் கிழவனே அந்த வேலையைச் செய்கிறான், காட்சிக்காக அல்ல, கால்வாயில் நிஜமாகவே படகு போகிறது. நெருப்பு மூட்டும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள், குளிர்ந்த நாளில் போனால் பிள்ளைகள் உங்களைத் திட்டுவார்கள். ஓட்டுபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், கேள்வி கேட்டால் விட மாட்டார்கள், டீ நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தருமபுரி: எங்கள் ஊர் அரசு அலுவலகம் ஒன்றின் வாசலில் பழைய நீராவி ரோடு ரோலர் நிற்கிறது. முன்புறத்தில் ஒரு குதிரைச் சின்னம். வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறார்கள். அது என்ன குதிரை?

பின்னங்காலில் எழுந்து நிற்கிறதா? அப்படியென்றால் இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தின் சின்னம் அது. அங்கே ரோச்செஸ்டரில் இருந்த ஏவ்லிங் அண்ட் போர்ட்டர் கம்பெனியின் ரோலர். குதிரைக்குக் கீழே 'இன்விக்டா' என்று எழுத்து வார்த்திருப்பார்கள், வெல்லப்படாதது என்று லத்தீனில் அர்த்தம். உங்கள் ரோலரில் அது தெரிகிறதா என்று பாருங்கள். பல ஊர்களில் வருடா வருடம் அடித்த பெயின்ட்டே எழுத்தை மூடியிருக்கும், குதிரைக்கு முகம் போய்க் கழுதை மாதிரி ஆகியிருக்கும்.

நீங்கள் ஒரு உதவி செய்யலாம். புகைபோக்கியின் வாயை ஒரு தகர மூடியால் மூடச் சொல்லி அந்த அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, புகைபோக்கிக்குக் கீழே இருக்கும் புகை அறையின் அடித்தகட்டை உள்ளிருந்தே தின்றுகொண்டிருக்கிறது, வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே. நான் எங்கள் ஊர் ரோலருக்காக இப்படி ஒரு மனு கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து ஆள் வந்தார்கள், புகைபோக்கிக்கும் சேர்த்து இன்னொரு கோட் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். மறுபடி எழுதியிருக்கிறேன், இந்த முறை மூடியின் அளவையும் போட்டு.